கிரெட்சனின் ராட்டை: லீட் இசையில் சொப்ரானோவும் பியானோவும் இணையான வரலாறு

ஜெர்மானியர் 'லீட்' என்று அழைக்கும் கலைப்பாடலைப் பற்றித் தமிழில் எழுதும்போது, பியானோவைப் 'பக்கவாத்தியம்' என்று சொல்லிவிடுவது வழக்கம். கைக்கு எளிதாக வரும் சொல்தான், ஆனால் பொருந்தாத சொல். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரைக் கேட்டு அந்த நொடியிலேயே வாசிக்கிறார். லீடில் பியானோவின் ஒவ்வொரு சுரமும் குரலோடு சேர்த்தே எழுதப்பட்டது. சொப்ரானோவும் பியானோ கலைஞரும் ஒத்த தகுதியுடைய இணை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டு மேடை நாகரிகத்தில் பிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். அது 1814-லேயே இசை ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பதும், மேடைதான் அதை ஏற்க நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படியோர் இணைக்குத் தேவையே இருக்கவில்லை. ரைஷார்ட், ட்செல்ட்டர் போன்றோரின் பாடல்களில் விசைப்பலகையின் வலக்கை பெரும்பாலும் பாட்டின் மெட்டையே வாசிக்கும். வீட்டுக்கூடத்தில் ஒருவரே வாசித்துக்கொண்டு பாடிவிடலாம். கவிதையே தலைமை, இசை அதைத் தாங்கினால் போதும் என்பது கதேயின் கொள்கை. 1816-இல் ஷூபர்ட்டின் நண்பர் ஷ்பவுன், கதேயின் கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த பாடல்களைத் தொகுத்துக் கதேயிடமே அனுப்பினார். பதில் ஏதுமின்றித் தொகுப்பு திரும்பி வந்தது. அதிலிருந்த ஒரு பாடல், 1814 அக்டோபர் 19 அன்று, பதினேழு வயதில் ஷூபர்ட் எழுதிய 'ராட்டையருகே கிரெட்சன்'.

இந்தப் பாடலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சன் ராட்டையில் நூல் நூற்கிறாள் என்பது மேடைக் குறிப்பில் மட்டுமே இருக்கிறது. அவள் சொல்லும் வரிகளில் ராட்டை என்ற பேச்சே இல்லை. ராட்டை முழுவதும் பியானோவின் பொறுப்பு. வலக்கையில் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது, இடக்கையில் மிதிகட்டை துடிக்கிறது. காதலனின் முத்தம் நினைவுக்கு வந்ததும் குரல் உச்சிக்குப் போகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு நிகழ்வதுதான் முக்கியம். குரல் மௌனமாக இருக்க, பியானோ தயங்கித் தயங்கிச் சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கிறது. சட்டென்று அது சுழலவில்லை. சற்றுப் பொறுத்தே பழைய ஓட்டம் திரும்புகிறது. தன்னை மறந்த பெண்ணொருத்தி கைவேலைக்குத் திரும்பப் படும் பாட்டை இங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை வாசித்துக்கொண்டே பாடுவது எளிதல்ல. முன்பு ஒருவராக இருந்தவர் இருவராகப் பிரிந்தது இத்தகைய பக்கங்களில்தான்.

1840-இல் ஷூமன் இன்னும் தொலைவு சென்றார். சமிஸ்ஸோவின் கவிதைகளுக்கு அவர் அமைத்த 'பெண்ணின் காதலும் வாழ்வும்' எட்டுப் பாடல்கள் கொண்டது. கணவனை இழந்தவள் தனக்குள் ஒடுங்கிக்கொள்வதாகச் சொல்லி முடிக்கிறாள். அதன்பின் பாடகி வாய் திறப்பதில்லை. பியானோ மட்டும் முதல் பாடலின் இசையைத் திரும்ப வாசிக்கிறது. அப்படி வாசிக்கும்போது மெட்டின் ஒரு பகுதி வெளிப்படையாக ஒலிப்பதில்லை, கேட்பவர் நினைவால் அதை நிரப்பிக்கொள்கிறார் என்று சார்லஸ் ரோசன் சுட்டிக்காட்டினார். இசைப்பதிவில் கேட்பவர் இதை ஓரளவே உணர முடியும். மேடையில் பேசாமல் நிற்கும் பாடகியைப் பார்த்தபடி கேட்கும்போதுதான் யாருடைய நினைவு ஒலிக்கிறது என்பது உறைக்கிறது.

ஆனால் கச்சேரி வழக்கம் வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் லீட், பெரிய இசைக்கோவைகளுக்கு நடுவே செருகப்படும் உருப்படி. புகழ் குரலுக்கே போனது. கிளாரா ஷூமன் போன்ற பியானோ மேதைக்கே, 1847 ஜனவரியில் வியன்னாவில், யென்னி லிண்ட் பாட வந்த பிறகுதான் அரங்கம் நிறைந்தது.

ஏடும் மேடையும் ஓரிடத்தில் கூடியது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வீட்டில். 1894 செப்டம்பர் 10 அன்று அவர் மணந்த பவுலீனே டி ஆனா ஒரு சொப்ரானோ. திருமணப் பரிசாக அவர் தந்த நான்கு பாடல்களில் ஒன்று 'நாளை'. மெட்டைத் தொடங்குவது பியானோ. வெகுநேரம் கழித்து, பாதிப் பேச்சில் சேர்ந்துகொள்பவள்போல 'உம்' என்ற இணைப்புச் சொல்லோடு பாடகி நுழைகிறாள். 1904-இல் இருவரும் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். பவுலீனே மேடையை விட்டபின், 1906 முதல் 1918 வரை ஸ்ட்ராஸ் பாடல் எழுதுவது ஏறக்குறைய நின்றுபோனது. பதிப்பாளர்களோடு இருந்த பூசலும் காரணம்தான்; அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்தக் குரல் இல்லாமல்போனதைச் சிறிய காரணமாக என்னால் கொள்ள முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'நாளை' பாடலை 1897-இல் ஸ்ட்ராஸே வாத்தியக் குழுவுக்கு மாற்றி அமைத்தார். பியானோ இன்றியமையாதது என்றால் அது எப்படி முடிந்தது? அந்த வடிவத்தில் பியானோவின் மெட்டைத் தனி வயலினுக்குக் கொடுத்தார் என்பதே விடை. வெறும் துணைநாதத்தைத் தனி வயலினுக்குக் கொடுப்பவர் யாருமில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஷ்வார்ட்ஸ்கோப், விக்டோரியா டி லோஸ் ஆங்கிலெஸ், ஃபிஷர்-டீஸ்காவ் என்று பலரோடும் வாசித்தவர் ஜெரால்ட் மூர். அப்படியிருக்க நிலையான இணை எதற்கு? எல்லோருக்கும் அது தேவை என்று நானும் சொல்லவில்லை. மூரின் கலை ஒன்றே போதுமான சான்று. ஆனால் கிரெட்சனின் ராட்டை நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் பாடகியின் மூச்சு முடிவுசெய்கிறது, அடுத்த அசைவைப் பியானோ கலைஞரின் விரல் முடிவுசெய்கிறது. ஒத்திகையில் அளந்து வைக்க முடியாத பொறுத்தல் அது. எல்லி அமெலிங்–டால்டன் பால்ட்வின், டான் அப்ஷா–கில்பர்ட் கலிஷ் இணைகளின் பதிவுகளில் அது ஆண்டுக்கணக்கான பழக்கமாகக் கேட்கிறது.

மூர் 1962-இல் தன் நினைவுநூலுக்கு 'என் சத்தம் அதிகமா?' என்று பெயர் வைத்தார். 1967 பிப்ரவரி 20 அன்று, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேற்சொன்ன மூவரும் அவருக்காகப் பாடிய பிரிவு நிகழ்ச்சியின் முடிவில் அவர் தனியே வந்து அமர்ந்தார். ஷூபர்ட்டின் 'இசைக்கு' என்ற பாடலை, குரல் இல்லாமல், பியானோவில் மட்டும் வாசித்தார்.