தண்டும் பேட்டையும்



ஓர் ஊர், அதில் இரண்டு நகரசபைகள், இரண்டு ஆட்சிகள். இக்காலத்து இளைஞர்க்கு இது கட்டுக்கதைபோல் தோன்றும். ஆயினும் 1947ஆம் ஆண்டு வரை நம் பெங்களூர் இவ்வாறே விளங்கிற்று. மேற்கே கெம்பே கௌடர் கண்ட பேட்டை. கிழக்கே ஆங்கிலேயர் அமைத்த தண்டு. படை தங்கும் இடத்தைத் தண்டு என்பது தமிழ் வழக்கு. கன்னடத்திலும் அச்சொல்லே வழங்குகிறது. கண்டோன்மெண்ட் புகைவண்டி நிலையத்தைக் கன்னட மக்கள் தண்டு நிலையம் என்பர். சிவாஜி நகரில் கோயில் கொண்டுள்ள அன்னைக்கும் தண்டு மாரியம்மன் என்றே பெயர். அத்தண்டின் வரலாற்றில் நம் முன்னோருக்குப் பெரும் பங்குண்டு. ஆதலின் அதனை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையைக் கொடுங்காய்ச்சல் வாட்டிற்று. எனவே 1809இல் நல்ல தட்பவெப்பம் நாடி அல்சூரை ஒட்டிய பகுதியில் புதிய தண்டு அமைக்கப்பட்டது. படை ஒருபோதும் தனியே வருவதில்லை. அதன் பின்னே சமையற்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், கொத்தனார், கணக்கர், கடைக்காரர் என ஓர் ஊரே நடந்து வரும். வந்தது சென்னை ராஜதானிப் படை; ஆகவே உடன் வந்தோரில் பெரும்பாலோர் தமிழர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. மாட்டு வண்டியில் பல நாள் சென்ற வழி சில மணி நேரமாகச் சுருங்கிற்று. வருவோர் தொகையும் பெருகிற்று. ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கு இவ்வாண்டின்மீது தனிப் பற்று உண்டு.

1862இல் பேட்டைக்கும் தண்டிற்கும் தனித்தனி நகரசபைகள் ஏற்பட்டன. 1831 முதல் தம் கையில் வைத்திருந்த மைசூர் ஆட்சியை 1881இல் ஆங்கிலேயர் மன்னரிடம் ஒப்படைத்தனர்; தண்டை மட்டும் விடவில்லை. ‘சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன்’ என்னும் பெயருடன் அது ரெஸிடெண்ட் துரையின் ஆளுகையில் நின்றது. அல்சூர், தெற்கு, கிழக்கு ஜெனரல் பஜார், மேற்கு ஜெனரல் பஜார், கிளீவ்லாண்டு டவுன், ஹைகிரவுண்டு என அதற்கு ஆறு பிரிவுகள். 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் பேட்டை நகரத்தில் 69,447 பேர். தண்டிலோ 89,599 பேர். மண் மகாராஜாவுடையது, அதிகாரம் ஆங்கிலேயருடையது, உழைப்பு ஏழை எளியவருடையது.

துரைமார் வாழ்ந்த பங்களாக்களைச் சூழ்ந்து பரந்த தோட்டங்கள் இருந்தன. உழைப்பாளிகளோ பஜார்த் தெருக்களில் நெருக்குண்டு வாழ்ந்தனர். 1898இல் பிளேக் என்னும் கொள்ளை நோய் வந்தபோது அந்நெருக்கமே எமனாயிற்று. அதன் பின்னரே காற்றோட்டமும் அகன்ற தெருக்களும் கொண்ட புதிய குடியிருப்புகளைப் பற்றி அதிகாரிகள் சிந்தித்தனர். 1910இல் உருவான பிரேசர் டவுன் அவ்வகையில் எழுந்ததே. அப்போதைய ரெஸிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்று நம்மவர் கைகட்டி இருந்தனரல்லர். ராய்பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஒப்பந்தத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1873இல் ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் எழுத்துகளைத் தாங்கி அக்கல்வி நிலையங்கள் இன்றும் விளங்குகின்றன. பிழைக்க வந்த ஊரைத் தன் ஊராகக் கருதியவர் செய்யும் செயல் அன்றோ இது!

1947 ஜூலைத் திங்களில் தண்டு மைசூர் அரசுக்கு மீண்டது. 1948இல் சௌத் பரேடு மகாத்மா காந்தி ரோடாயிற்று. 1949இல் இரு நகரசபைகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. காகிதத்தில் கோடு அழிந்தது. உள்ளத்தில் அழிந்ததா என்பதே கேள்வி.

ஏனெனில் அறுபத்தாறு ஆண்டு ரெஸிடெண்ட் ஆட்சி நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. தண்டில் தமிழும் சிறிது ஆங்கிலமும் இருந்தால் வாழ்க்கை நடந்துவிடும். கன்னடம் கற்கும் கட்டாயம் இல்லை. எனவே கூப்பிடு தொலைவில் வாழ்ந்த பேட்டை மக்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு நம் பாட்டன்மார் பலருக்குக் குறைவாகவே கிட்டிற்று. அக்குறை அவர்களுடையதன்று, பிரித்து ஆண்டவர் வகுத்த எல்லையின் விளைவு. அவ்வெல்லை போன பின்னும் நாம் அதனுள்ளேயே அடைந்து கிடப்போமாயின் குறை நம்முடையதாகும்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, நாம் இவ்வூருக்கு நேற்று வந்த விருந்தினர் அல்லர். இதன் கல்லிலும் சுண்ணாம்பிலும் நம் முன்னோர் வியர்வை கலந்துள்ளது. இரண்டாவது, அவ்வுரிமையை நாம் வாயால் முழங்கி நிலைநாட்ட இயலாது. அக்கம் பக்கத்தாரோடு கூடி வாழ்ந்தே நிலைநாட்ட இயலும். ஆகவே வீட்டில் தமிழைப் பேணுவோம். பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்போம். வீதியில் கன்னடத்தை அன்புடன் பேசுவோம். அதன் இலக்கியத்தையும் சுவைப்போம். தாயைப் போற்றுபவன் அண்டை வீட்டு அன்னையையும் வணங்குவான்.

தண்டும் பேட்டையும் நம் நெஞ்சிலும் ஒன்றாகுக!