வூஸ்டைட்டின் குறைவுபட்ட படிகம்: எக்ஸ் கதிர் ஆய்வும் மாறா விகித விதியும்

இரும்பை உயர்வெப்பநிலையில் காற்றில் சூடாக்கும்போது அதன் பரப்பில் மூன்று ஆக்சைடு அடுக்குகள் உருவாகின்றன. வெளிப்புறத்தில் ஹேமடைட்டும், இடையில் மேக்னடைட்டும், இரும்பை ஒட்டி வூஸ்டைட்டும் அமைகின்றன. ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் இப்படலத்தின் மிகப் பெரும்பகுதி வூஸ்டைட்டே. ஜெர்மானிய உலோகவியலாளர் ஃப்ரிட்ஸ் வூஸ்ட்டின் பெயரால் வழங்கும் இவ்வாக்சைடு, ஓர் இரும்பு அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்ற எளிய விகிதத்தில் எழுதப்படுவது வழக்கம். அவ்விகிதத்தில் அது சாதாரண அழுத்தத்தில் கிடைப்பதில்லை என்பதே இதன் வரலாற்றுச் சிக்கல்.

சேர்மங்களின் இயைபு மாறாதது என்று ப்ரூஸ்ட்டும், மாறக்கூடியது என்று பெர்தொலேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டனர். ப்ரூஸ்ட்டின் கருத்தே மாறா விகித விதியாக நிலைபெற்றது. வேதிப் பகுப்பாய்வில் ஆக்சிஜன் மிகுதியாகத் தென்பட்டால், அதனை வேறோர் ஆக்சைடின் கலப்பு என்று விளக்கிவிட முடிந்தது. பகுப்பாய்வு தனிமங்களின் அளவை மட்டுமே கூறும். பொருள் ஒரே படிகமா, கலவையா என்பதைக் கூறாது.

அவ்வேறுபாட்டைக் காட்டும் கருவி 1916இல் டிபையும் ஷெரரும், 1917இல் அமெரிக்காவில் ஹல்லும் தனித்தனியே உருவாக்கிய எக்ஸ் கதிர்த் தூள் முறையாகும். கலவையெனில் ஒவ்வோர் ஆக்சைடும் தனக்குரிய கோடுகளைப் பதிக்கும். ஒரே படிகத்தின் இயைபு மாறினால் கோடுகளே இடம்பெயரும்.

1933இல் எரிக் ஜெட்டும் ஃபிராங்க் ஃபூட்டும் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் திருப்புமுனையானது. இரும்பு–ஆக்சிஜன் விகிதம் 0.945இலிருந்து 0.910ஆகக் குறைந்தபோது அலகுக்கூட்டின் விளிம்பு நீளம் 4.301 ஆங்ஸ்ட்ரமிலிருந்து 4.282 ஆகச் சுருங்கியது. மிகையான ஆக்சிஜன் இடைவெளிகளில் செருகப்பட்டிருந்தால், முதல் மாதிரியின் அடர்த்தி கணக்கீட்டின்படி கன சென்டிமீட்டருக்கு 6.08 கிராமாக இருந்திருக்க வேண்டும். இரும்பின் இடங்கள் காலியாக இருந்தால் 5.74. அளந்து பெற்றதோ 5.728. ஆக்சிஜன் மிகவில்லை, இரும்பே குறைந்துள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று. எக்ஸ் கதிர்ப் படம் மட்டுமே இம்முடிவைத் தந்திருக்காது என்பது வலியுறுத்தத்தக்கது. பழமையான அடர்த்தி அளவீடே இரு விளக்கங்களில் ஒன்றை விலக்கியது.

0.910 மாதிரியில் அளந்த அடர்த்தி 5.613, வெற்றிட விளக்கத்தின்படி கணக்கிட்டது 5.65. முதல் மாதிரியைவிட இங்கு இவ்விடைவெளி சற்றே விரிந்துள்ளது. முடிவை இது பாதிக்கவில்லை.

அதே 1933இல் கார்ல் வாக்னர், ஆக்சைடு அடுக்கின் வளர்ச்சியை அயனிகளின் இடப்பெயர்ச்சியால் விளக்கினார். வூஸ்டைட்டின் காலியிடங்கள் வழியே இரும்பு அயனிகள் விரைந்து வெளிநோக்கி நகர்வதால்தான் அவ்வடுக்கு அத்துணைத் தடிமனாக வளர்கிறது. விகிதப் பிறழ்வு எனக் கருதப்பட்டது வளர்ச்சியின் காரணமாகவே அமைந்தது.

எனினும் ஒரு வரம்பு எஞ்சியது. வூஸ்டைட் ஏறத்தாழ 570 டிகிரிக்குக் கீழே நிலையற்றது. மெதுவாகக் குளிர்ந்தால் இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் சிதையும். விரைந்து குளிர்வித்தால் படிகம் தப்பும். ஆனால் காலியிடங்களின் ஒழுங்கும் சூட்டில் இருந்தவாறே தப்பியது என்று கொள்வதற்கில்லை. 1960இல் ராத்தின் நியூட்ரான் ஆய்வும், 1969இல் காக், கோஹன் ஆகியோரின் எக்ஸ் கதிர் ஆய்வும் காலியிடங்கள் தனித்துச் சிதறாமல் கொத்துகளாகத் திரள்வதைக் காட்டின. அக்கொத்துகள் உயர்வெப்பநிலையில் எவ்வடிவு கொள்கின்றன என்பதை அறிய, மாதிரியைச் சூடான நிலையிலேயே கதிர்முன் வைத்துப் பதிவுசெய்யும் முறை தேவைப்பட்டது.