ஞாயிற்றுக்கிழமை காலையில் அழிந்த உலகம்

ஈஃபில் கோபுரத்தின் உச்சியில் தங்கியிருக்கும் இரவுக் காவலாளி காலையில் எழுந்து கீழே பார்க்கிறான். பாரிஸில் ஆள் அரவமே இல்லை. இறங்கித் தெருவுக்கு வந்தால், அங்கொருவர் இங்கொருவராக நின்ற நிலையிலேயே உறைந்திருக்கிறார்கள். ரெனே கிளேர் 1923இல் எடுத்த 'உறங்கும் பாரிஸ்' என்ற மௌனப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு விஞ்ஞானியின் கதிர் நகரத்தை உறைய வைத்திருக்கிறது; அது எட்டாத உயரத்தில் இருந்ததால் காவலாளி தப்பினான். அந்த நேரத்தில் விமானத்தில் பறந்துகொண்டிருந்த சிலரும் தப்பியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொள்கிறார்கள். சில நாட்களில் பணத்துக்கும் நகைக்கும் மதிப்பில்லாமல் போகிறது. சலிப்பு தட்டுகிறது. இருக்கும் ஒரே பெண்ணுக்காக ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள். பின்னாளில் வந்த 'கடைசி மனிதர்' படங்கள் பலவற்றின் கதையும் இந்தச் சின்னப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

கற்பனை அதைவிடப் பழையது. மேரி ஷெல்லி 'கடைசி மனிதன்' நாவலை 1826லேயே எழுதிவிட்டார். கொள்ளைநோய் மனித குலத்தையே அழிக்கும் கதை அது. கணவரையும் நண்பர் பைரனையும் அடுத்தடுத்து இழந்த துயரம் ஆறுமுன் எழுதியது. ஆனால் எழுத்தாளருக்கு ஓர் ஊரைக் காலிசெய்ய ஒரு வாக்கியம் போதும். கேமராவுக்கு உண்மையான தெரு வேண்டும். அந்தத் தெருவில் உண்மையாகவே ஆள் இருக்கக்கூடாது. தன் நகரம் எந்த நேரத்தில், எந்த மூலையில் வெறிச்சோடும் என்று தெரிந்த இயக்குநரால்தான் இந்தக் கதையைப் படமாக்க முடிந்தது. அதனால்தான் எதிர்காலத்தைக் காட்ட வந்த இந்தப் படங்கள், தாம் எடுக்கப்பட்ட காலத்து நகர வாழ்க்கைக்குச் சாட்சியாக நிற்கின்றன. கிளேருக்குக் கிடைத்தது விடியற்காலை. பாரிஸ் கண்விழிக்குமுன் கான்கார்ட் சதுக்கத்தின் அத்தனை விரிவையும் அவரால் ஆளில்லாமல் படம்பிடிக்க முடிந்தது.

அணுகுண்டு வந்தபின் இந்தக் கதை விளையாட்டாக இருக்க முடியவில்லை. 1959இல் இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஒன்று நியூயார்க்கில் எடுத்த 'தி வேர்ல்ட், தி ஃப்ளெஷ் அண்ட் தி டெவில்'. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் மண் சரிந்து சிக்கிக்கொண்ட பரிசோதகர் ஒருவர் வெளியே வருகிறார்; கதிரியக்கத் தூசு உலகத்தையே கொன்றுவிட்டிருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்ட்டே. அவருடைய சொந்த நிறுவனமும் தயாரிப்பில் பங்கேற்றது. நியூயார்க் காட்சிகளை விடிந்தும் விடியாத பொழுதில் எடுத்தார்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக நடந்து அவர் குரல் கொடுக்கும்போது எதிரொலி மட்டும் திரும்பி வருகிறது. பிணம் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. அந்தச் சுத்தம்தான் அதிகம் கலங்க வைக்கிறது.

படத்தின் உயிர் அதற்குப் பிறகு வருகிறது. அவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைச் சந்திக்கிறார். ஊரே அழிந்தபிறகும் இருவரும் தனித்தனிக் கட்டடங்களில்தான் வசிக்கிறார்கள். அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் விருந்து ஏற்பாடு செய்கிறார். பரிமாறுபவராக நின்றுகொள்கிறார், உடன் உட்கார மறுக்கிறார். பழைய உலகத்தின் சட்டதிட்டத்தைச் செயல்படுத்த ஒருவர்கூட மிஞ்சவில்லை, ஆனால் அது அவர் உடம்பில் மிஞ்சியிருக்கிறது. நிறம் கடந்த காதலைத் திரையில் காட்டக்கூடாது என்ற ஹாலிவுட் தணிக்கை விதி 1956லேயே நீங்கிவிட்டது. இருந்தும் படம் அவர்களை ஒரு முத்தத்துக்குக்கூட அனுமதிக்கவில்லை. பிற்பாதியில் மூன்றாவதாக ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர, ஆண்கள் இருவரும் துப்பாக்கியோடு வெற்றுத் தெருக்களில் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்கு எதிரே சுவரில் பொறித்த ஏசாயா தீர்க்கதரிசியின் வரிகளைப் படித்து நாயகன் ஆயுதத்தைப் போடுகிறார். மூவரும் கைகோத்து நடக்க, படம் முடிகிறது. கதை இப்படித் தயங்கியதில் பெலஃபான்ட்டேவுக்கு மனத்தாங்கல் இருந்தது. அது நியாயமான மனத்தாங்கல்.

இன்னொரு படம் ஸ்டான்லி கிரேமரின் 'ஆன் தி பீச்'. நெவில் ஷூட்டின் நாவலைப் போலவே அதன் களமும் மெல்போர்ன். வடகோளம் அணுப்போரில் அழிந்துவிட, தெற்கே மிஞ்சியவர்கள் கதிரியக்கக் காற்று வந்து சேரக் காத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை தன் அணுசக்தி நீர்மூழ்கியைத் தர மறுத்ததால், பிரிட்டிஷ் கடற்படையின் 'ஆண்ட்ரூ' என்ற கப்பல் நடித்தது. உலகத்தின் முடிவைப் படமெடுக்க மெல்போர்ன்தான் சரியான இடம் என்று நாயகி ஏவா கார்ட்னர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை உலவுகிறது. அதை எழுதியவர் நீல் ஜில்லட் என்ற பத்திரிகையாளர். நடிகை சொல்லாததை ஊர் நம்பியதற்குக் காரணம் இருந்தது: அன்றைய விக்டோரியா மாநிலத்தில் மதுக்கடைகள் மாலை 6 மணிக்கே மூடிவிடும், அந்தச் சட்டம் 1966வரை நீடித்தது.

ரோமுக்குக் கிடைத்தது வேறொரு வகை வெறுமை. ரிச்சர்ட் மேத்திசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல், வின்சென்ட் பிரைஸ் நடிக்க 1964இல் 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' என்று படமாயிற்று. கதை அமெரிக்காவில் நடப்பதாகப் பெயர். எடுத்தது ரோமின் தெற்கே உள்ள 'எயுர்' வட்டாரத்தில். அந்த வட்டாரம் பிறந்த கதையே ஒரு தனிப் படத்துக்கு ஆகும். பாசிசம் ரோமுக்குள் அணிவகுத்து வந்த 1922இன் இருபதாம் ஆண்டைக் கொண்டாட, 1942இல் உலகக் கண்காட்சி நடத்த முசோலினி திட்டமிட்டான். அகன்ற சாலைகளும் வெள்ளைக் கல் மாளிகைகளும் எழுந்தன. போர் வந்தது, கண்காட்சி நடக்கவே இல்லை. வராமலே போன கூட்டத்துக்காகக் கட்டிய தெருக்கள் அவை. வரிசை வரிசையாக வளைவுகள் கொண்ட 'சதுரக் கொலோசியம்' முன்னால் பிரைஸ் தன்னந்தனியாகக் காரோட்டிப் போகும்போது, அந்த இடத்தின் வரலாறு தெரியாதவர்களுக்கும் ஏதோ நெஞ்சை அழுத்துகிறது. அதற்கு இரண்டாண்டு முன்புதான் அந்தோனியோனி தன் 'கிரகணம்' படத்தை இதே வட்டாரத்தில் முடித்திருந்தார். சந்திப்பதாகச் சொன்ன காதலர்கள் வரவில்லை. அவர்கள் இல்லாத தெருமுனையைக் கேமரா சுமார் ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நோய் மற்றவர்களையெல்லாம் இரத்தக்காட்டேரிகளாக்கிவிட்ட உலகத்தில் தனியாக மிஞ்சிய பிரைஸின் நாயகனுக்கு வீரமெல்லாம் இல்லை. காலையில் எழுகிறான், வாசலில் கிடக்கும் உடல்களை ஏற்றிக்கொண்டு போய்க் குழியில் எரிக்கிறான், பூண்டு மாலையைப் புதுப்பிக்கிறான். உயிர் பிழைத்தலை ஓர் அன்றாட வேலையாகக் காட்டியதில் அந்த மலிவான படத்துக்கு நிகர் இல்லை. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டின் நடமாடும் பிணங்கள் மேத்திசனின் இந்தக் கதையிலிருந்துதான் புறப்பட்டன.

அதே நாவல் 1971இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் 'தி ஒமேகா மேன்' ஆயிற்று. நகரமையத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் சிவப்புக் காரில் பறக்கும் காட்சிகளை வார இறுதிக் காலைகளில் எடுத்தார்கள். பெருநகரம் ஒன்றின் மையத்தை எப்படி அவ்வளவு சுலபமாகக் காலியாகப் பிடிக்க முடிந்தது? போருக்குப்பின் குடும்பங்கள் புறநகருக்குப் போயிருந்தன. டிராம் வண்டிகள் 1963இல் நின்றுபோயின. பங்கர் ஹில் குன்றில் வாடகைக்கு இருந்த ஏழைகளையும் முதியவர்களையும் அப்புறப்படுத்தி, பழைய மரவீடுகளை இடித்து, அலுவலகக் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன. அலுவலகம் மூடினால் அங்கே யாருக்கும் வேலை இல்லை. படக்குழு செய்யவேண்டியதை நகரசபை ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. கூர்ந்து பார்த்தால் தூரத்தில் ஓடும் கார்கள் சில ஃபிரேம்களில் தெரியும். அது பிழைதான், ஆனால் உயிரோடிருந்த நகரத்தின் தடயமும் அதுவே.

நியூசிலாந்தின் 'தி குவைட் எர்த்' 1985இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பொதுவாக மூடிக் கிடந்த நாடு அது. புரூனோ லாரன்ஸ் நடித்த விஞ்ஞானி காலை 6:12க்கு விழித்தெழும் உலகத்தில் யாருமில்லை; தனிமையில் புத்தி தடுமாறி, அட்டையில் வெட்டிய தலைவர்களின் உருவங்களைக் கூட்டி வைத்துத் தன்னையே அதிபராக அறிவிக்கிறான். இந்த வகைப் படங்களில் தனிமையின் கிறுக்கை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நடிப்பு வேறில்லை.

லண்டனுக்கு விடுமுறை வெறுமையும் இல்லை, கைவிட்ட மாளிகைகளும் இல்லை. ஆனால் கோடையில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். நல்ல வெளிச்சம் இருக்கும், ஊர் தூங்கும். டேனி பாயில் '28 டேஸ் லேட்டர்' படத்துக்காக 2001 கோடையில் பிடித்தது அந்தச் சின்ன இடைவெளியைத்தான். போக்குவரத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டுமே நிறுத்தி வைக்க முடிந்தது. கனமான ஃபிலிம் கேமராவைப் பூட்டி நிறுத்துவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். ஆகவே ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மேன்டில் கேனான் எக்ஸ்எல்1 என்ற சிறிய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றை ஒரே சமயத்தில் ஓடவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மருத்துவமனை உடையோடு கில்லியன் மர்ஃபி நடந்துவரும் காட்சியின் மங்கலான, புள்ளி விழுந்த படிமம் அந்த அவசரத்தின் விளைவு. இன்று அதை அழகு என்று கொண்டாடுகிறோம்.

நியூயார்க்கோ எந்த நேரத்திலும் காலியாகாத ஊராக மாறிவிட்டிருந்தது. மேத்திசன் நாவலின் 2007ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய அகிவா கோல்ட்ஸ்மன் அங்கே போக விரும்பியதும் அதனால்தான். லாஸ் ஏஞ்சலஸ் பிற்பகல் மூன்று மணிக்கே வெறுமையாகத் தெரியும் என்பது அவர் கருத்து. ஐந்தாம் அவென்யூவின் பகுதிகளை மூடினார்கள், தெருவில் பரப்பக் களைச்செடிகளை ஃபுளோரிடாவிலிருந்து வரவழைத்தார்கள். புரூக்ளின் பாலத்தில் மக்கள் வெளியேறும் காட்சிக்கு மட்டும் ஆறு இரவுகள், 50 லட்சம் டாலர், ஆயிரம் துணை நடிகர்கள், 14 அரசுத் துறைகளின் அனுமதி.

இன்னொரு வழியும் இருந்தது: உண்மையிலேயே பாழானதைத் தேடிப் போவது. 2009இல் வந்த 'தி ரோடு' படத்துக்காகப் பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட நெடுஞ்சாலைத் துண்டிலும், கத்ரீனா புயல் சிதைத்த நியூ ஆர்லியன்ஸிலும் கேமராவை வைத்தார்கள். படத்தின் நேர்மையில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தச் சிதிலங்கள் கற்பனைப் பேரழிவுக்குப் பின்னணியாக நிற்கும்போது, 2005இல் அங்கிருந்து வெளியேறி ஊர் திரும்ப வழியில்லாமல் போன ஏழைக் குடும்பங்களை நினைக்காமல் பார்க்க முடிவதில்லை.

பிறகு 2020 வந்தது. மார்ச் 25இலிருந்து பெருந்தொற்று ஊரடங்கில் சென்னை அண்ணா சாலையைப் பார்த்தவர்கள் சினிமாவில் பார்த்ததுபோல இருக்கிறது என்றார்கள். அது பாதி உண்மைதான். அதே நாட்களில் டெல்லியை விட்டுத் தொழிலாளர்கள் மூட்டையும் குழந்தையுமாக ஆயிரக்கணக்கில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்தும் கோயம்பேடு சந்தையில் நெரிசல் குறையவில்லை. வெறிச்சோடிய தெருவைக் காட்டத் தெரிந்த படங்களுக்கு, ஒரு தெரு வெறிச்சோடும்போது யார் எந்தச் சாலையில் நடக்க நேர்கிறது என்று காட்டத் தோன்றியதில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் டேனி பாயில் இந்தக் கதைக்குத் திரும்பியபோது லண்டன் தெருக்களை நம்பியிருக்கவில்லை. 2025இல் வெளியான '28 இயர்ஸ் லேட்டர்' படத்துக்கு இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவைத் தேர்ந்தெடுத்தார். கடல் ஏறும்போது அந்தத் தீவுக்குப் போகும் பாதை மூழ்கிவிடும். மேன்டில்தான் மீண்டும் ஒளிப்பதிவு. இம்முறை அவர் பெரும்பகுதியை ஐஃபோன்களை வைத்து எடுத்தார். படத்தில் அந்தத் தீவு காலியாக இல்லை. பிழைத்தவர்கள் அங்கே ஊராகக் கூடி வாழ்கிறார்கள், ஓதம் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்குப் போய்வருகிறார்கள்.