சூறாவளியா, சூறைக்காற்றா? சிவகிரிப் பக்கத்து வாழைகளை வைத்து ஒரு குறிப்பு

சித்திரை, வைகாசியில் எங்க சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் கோடைமழை பெய்த மறுநாள் பேப்பரைப் புரட்டினால், சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்த செய்தி ஒரு மூலையிலாவது இருக்கும். டீக்கடையில் அதையே "நேத்து சூறாவளில்லா அடிச்சிருக்கு" என்பார்கள். பத்து நிமிஷக் காற்றுதான். குலை தள்ளின வாழை மொத்தமும் படுத்துவிடும். அது நிஜமாகவே சூறாவளிதானா என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு கேள்வி. அதைத் தேடப்போய்ச் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சொல். சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்று, கொள்ளை என்றும் பொருள். சூறையாடுவது, சூறை விடுவது எல்லாம் அதே வேர். புயல் என்பது பழந்தமிழில் மேகம், மழை. இன்றைக்குக் கடலில் உருவாகி வருகிற பெருங்காற்று. இலங்கைத் தமிழர்கள் அந்தக் கடல் புயலையே சூறாவளி என்கிறார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது அவர்களுக்குச் சூறாவளி, நமக்குப் புயல். ஒரு ஊரை மட்டும் தாக்கிப் போகிற சின்னச் சுழல்காற்றுக்கு அங்குள்ள பத்திரிகைகள் 'மினி சூறாவளி' என்று பெயர் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் டொர்னாடோ என்பதற்கு நம்மிடம் தனிச்சொல் உறுதியாக நிற்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தக் காற்று நம்ம பக்கம் வந்து பழகவில்லை.

பழகின இடம் வங்காளம். 1838 ஏப்ரல் 8-ஆம் தேதி கல்கத்தாவுக்குக் கிழக்கே கிராமங்களின் வழியாக ஒரு டொர்னாடோ போனது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 1888 ஏப்ரல் 7-இல் டாக்கா. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது ஒரு பக்கம், நவாபின் அசன் மன்சில் அரண்மனையும் பலத்த சேதமடைந்தது. இன்று புரிகங்கைக் கரையில் அந்த அரண்மனையின் மேல் தெரிகிற குவிமாடம், அதற்குப் பிறகு திருப்பிக் கட்டும்போது எழுப்பியது. 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம்: தௌலத்பூர், சாத்தூரியா பக்கம் சுமார் 1300 பேர் போய்விட்டார்கள். மாதக்கணக்கில் மழையில்லாமல் காய்ந்து கிடந்த ஊர்கள் அவை. தகரமும் மூங்கில் தட்டியுமான வீடுகள், ஒளிய ஒரு நிலவறை கிடையாது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரம் டொர்னாடோ வந்தாலும், உலகத்தில் ஒரே டொர்னாடோவில் அதிகம் பேர் செத்தது இந்த ஏழை ஊர்களில்தான். வடக்கே டெல்லியிலும் 1978 மார்ச் 17-இல் ஒன்று பல்கலைக்கழகப் பகுதியைத் தாக்கி 28 பேரைக் கொன்றது. கடைசியாகப் பேசப்பட்டது 2024 மார்ச் 31, ஜல்பைகுரி மாவட்டத்து மைனாகுரி.

எல்லாம் மார்ச், ஏப்ரல், மே. காரணம் இருக்கிறது. அந்த மாதங்களில் வங்காளத்தில் தரையை ஒட்டித் தெற்கேயிருந்து கடலின் ஈரக்காற்று வரும். அதுக்கு மேலே சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து வறண்ட காற்று மேற்கேயிருந்து வேகமாக ஓடும். கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. நடுவில் இருக்கிற காற்று உருளும். இடிமேகம் அதை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழல ஆரம்பிக்கும். நம்ம அட்சரேகையில் கோடையில் அந்த மேல்காற்று கிடையாது, அது வடக்கோடு நின்றுவிடுகிறது. மதியம் மலைமேல் மேகம் கட்டும், இடிக்கும், பெய்யும், அங்கேயே சரியும். ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று வேறு கதை. அது வாரக்கணக்கில் ஒரே சீராக வீசுவது.

அப்படின்னா வாழையைச் சாய்ப்பது எது? இதற்கு விடை சொன்னவர் ஒரு ஜப்பானியர், தெத்சுயா ஃபுஜிதா. 1945-இல் நாகசாகி, ஹிரோஷிமா இரண்டு ஊரையும் போய்ப் பார்த்து, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றதையும் சுற்றிலும் வெளிப்பக்கமாக விழுந்து கிடந்ததையும் கவனித்தவர். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒன்றரை நாளைக்குள் 148 டொர்னாடோக்கள் அடித்தன. அந்தச் சேதத்தை விமானத்திலிருந்து பார்த்தபோது ஒரு காட்டில் அதே நட்சத்திரக் கோலம். டொர்னாடோ என்றால் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாக, உள்ளே இழுத்ததுபோல, ஒரு குறுகிய பட்டையாக விழும். இங்கே விசிறியாக விரிந்திருந்தது. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தொப்பென்று இறங்கித் தரையில் மோதிப் பரவியிருக்கிறது. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தால் நாலா பக்கமும் ஓடுமே, அதேதான். அடுத்த வருஷம் நியூயார்க்கில் ஒரு பயணிகள் விமானம் இறங்கும்போது விழுந்ததற்கும் இதுதான் காரணம் என்று அவர் சொன்னபோது முதலில் பலர் நம்பவில்லை. இப்போது எல்லா விமானிகளுக்கும் இது பாடம்.

எங்க ஊர்க் கோடைக்காற்று பெரும்பாலும் இந்த ரகம் என்பதுதான் என் கணிப்பு. ஒரே திசையில் வரிசையாகப் படுத்த தோட்டங்கள்தான் ஆதாரம். ஆனால் வாழையை மட்டும் நம்பக்கூடாது. குலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது ஏற்கெனவே சாய்ந்திருக்கும், அதுக்காகத்தானே முட்டுக் கொடுக்கிறோம். தென்னை, வேம்பு, பறந்துபோன தகரம் இவற்றின் திசையையும் சேர்த்துப் பார்க்கணும்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். நிவாரணத்தில் இருக்கு. மத்திய அரசின் பேரிடர் நிதிப் பட்டியலில் 12 பேரிடர்கள். புயல் இருக்கிறது, ஆலங்கட்டி மழை இருக்கிறது, மேகவெடிப்பு இருக்கிறது. இந்தத் திடீர்க் காற்று அதில் இல்லை. அந்த நிதியில் 10 சதவீதம் வரை மாநிலம் தன் சொந்தப் பட்டியலுக்குச் செலவழிக்கலாம், அவ்வளவுதான். மழைமானி மழையைச் சொல்லும், காற்றைச் சொல்லாது. காற்று ஒரு தோட்டத்தை அடித்து அடுத்ததை விட்டுவிட்டால் சாட்சி கிடையாது. கடன் வாங்கி உரம் போட்டு, பத்து மாசம் தண்ணி பாய்ச்சினவர் வெட்டி அப்புறப்படுத்தக் கூலியும் கொடுக்கணும். கட்டைக்குப் பக்கக்கன்று வந்துவிடும் என்பதால் ரெண்டு நாளில் தோட்டம் சுத்தமாகிவிடுகிறது. அதுக்குள்ளே நாலு மூலையிலும் நின்று, வடக்கு எது என்று குறித்து, செல்போனில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டவும் ஆகும், எனக்கு அனுப்பினால் வரைபடத்தில் ஏற்றவும் ஆகும். போன கோடையில் மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்றிலும் மரங்கள் மேற்கேயிருந்து கிழக்காக, விசிறிபோல விழுந்து கிடக்கின்றன.