ஒரு விசேஷணத்தின் பூர்வீகம்

கோணங்கித்தனமும் குதூகலமும் கலந்த எதனையும் சுட்டுதற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ஜேனி' என்ற விசேஷணத்தின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், அது குணத்தின் பெயராகப் பிறந்ததன்று, ஒரு மனிதனின் பெயராகவே பிறந்தது என்பது விளங்கும். 'ஆண்டவன் அருளினான்' என்று பொருள்படும் எபிரேய நாமமாகிய யோகனான் இத்தாலியில் ஜொவான்னி ஆயிற்று. நம் நாட்டுக் கத்தோலிக்கர் அருளப்பர் என்று பக்தியுடன் வழங்கிய அதே பெயர், அங்கே ஜான்னி எனக் குறுகி, வெனிஸ் நகரத்தார் நாவில் 'ஸான்னி' எனத் திரிந்தது.

பெர்கமோ மலைப்பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வெனிஸுக்கு வந்து மூட்டை சுமந்த ஏழைகளின் கொச்சைப் பேச்சையும் தீராப் பசியையும் கண்டு நகைத்த நகரமாந்தரின் பரிகாசமே, கொமேதியா தெல்லார்த்தே என்னும் முகமூடி நாடகத்தில் ஸான்னி என்ற வேலைக்காரப் பாத்திரமாக உருவெடுத்தது. 1545-ஆம் ஆண்டு பதுவா நகரில் எழுதப்பெற்ற நாடகக் குழு ஒப்பந்தமொன்றில், தலைவனாகிய மாஃபியோவின் பட்டப்பெயர் 'ஸானினி' என்றே காணப்படுகிறது. சூழ்ச்சி வல்ல பிரிகெல்லாவும், வண்ணத் துண்டுகள் தைத்த உடையணிந்த ஆர்லெக்கினோவும் இந்த ஸான்னி வம்சத்தினரே. இவர்களால் ஓயாது ஏமாற்றப்பட்ட கஞ்ச வணிகக் கிழவன் பாந்தலோனேயின் பெயரோ, அவன் அணிந்த கால்சட்டைக்கு ஆகி, 'பேண்ட்' எனச் சுருங்கி, இன்று நம்மவர் வீட்டுக் கொடிகளிலும் உலர்கிறது!

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸான்னி என்ற சொல் இங்கிலாந்தை அடைந்தபோது அது பெயர்ச்சொல்லே. சந்தை மேடையில் மருந்து விற்கும் போலி வைத்தியனுக்கும், பெரிய விதூஷகனுக்கும் பின்னால் நின்று, அவன் செய்வதையெல்லாம் அரைகுறையாகச் செய்துகாட்டிச் சிரிப்பூட்டும் எடுபிடியை அது குறித்தது. விசேஷணமாக ஆனது சற்றுப் பின்னரே. நாளடைவில் மேடையும் எடுபிடியும் மறைய, பின்பற்றி நடித்தல் என்ற பொருள் தேய்ந்து, கிறுக்குத்தனமான வேடிக்கை என்பது மட்டும் எஞ்சியது. இழிவும் பெரும்பாலும் நீங்கிற்று. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில், கோமாளிகளின் வார்த்தைக்குக் கெக்கலி கொட்டும் அறிஞரை அக்கோமாளிகளின் ஜேனிகள் என்று மல்வோலியோ இகழும் இடத்தை இக்காலப் பொருள் கொண்டு படிப்பவர்க்கு அவன் வசையின் பாதி புலப்படாது. ஏனெனில் கோமாளி என்பதனினும் கீழாக, கோமாளிக்கு எடுபிடி என்றே அவன் அவர்களைத் தூற்றுகிறான்.