மூச்சு விட வராத கப்பல்

சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போர்க் கதை எதைப் படித்தாலும் என் மனம் பீரங்கிப் பக்கம் போகாது. இன்ஜின் பக்கம்தான் போகும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் நீர்மூழ்கி காங்கரர், அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் ஜெனரல் பெல்கிரானோவை மூழ்கடித்ததையும் அப்படித்தான் படித்தேன்.

காங்கரரின் வயிற்றில் இருந்தது அணு உலை. அதன் சூட்டில் நீராவி, நீராவியில் டர்பைன். எரிப்பதற்குக் காற்றே வேண்டாம். டீசல் நீர்மூழ்கி பாவம், நீருக்குள் பேட்டரியில் ஓடும்; பேட்டரி இறங்கினால் மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டி டீசலை ஓட்டியாக வேண்டும். அப்போது ரேடாரில் மாட்டும் ஆபத்து உண்டு. 1971இல் நம் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்த பாகிஸ்தானின் ஹேங்கர் அந்த ரகம்தான். ஃபாக்லாந்துக்கு பிரிட்டன் அனுப்பிய ஒரே டீசல் நீர்மூழ்கியான ஆனிக்ஸ் மே மாதக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனிலிருந்து கிளம்பிய காங்கரர் அந்த மாதமே தென் அட்லாண்டிக்கில் நின்றது.

மே 1 அன்று பெல்கிரானோவைக் கண்டது. ஒரு நாளுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தது. மறுநாள் மாலை சுட உத்தரவு வந்தது. புதிய டைகர்ஃபிஷ் டார்பிடோ கையில் இருந்தும், கமாண்டர் கிறிஸ் ரெஃபர்ட்-பிரவுன் எடுத்தது இரண்டாம் உலகப் போருக்கும் முந்தைய வடிவமான மார்க் 8. நேராக ஓடும், வெடிக்கும். வேறு வித்தை தெரியாது. டைகர்ஃபிஷ் நம்பகமில்லை என்று கடற்படைக்குள்ளேயே பேச்சு இருந்தது. நானாக இருந்தாலும் பழையதைத்தான் எடுத்திருப்பேன்.

மூன்று விட்டார், இரண்டு பட்டன. ஒன்று முன்பக்கத்தைப் பிய்த்தெறிந்தது. இன்னொன்று பின்புற இயந்திர அறைப் பக்கம் வெடித்தது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மின்சாரம் போயிற்று. பம்பு ஓடவில்லை, அபாயச் செய்தி அனுப்பவும் வழியில்லை. கூட வந்த இரண்டு டெஸ்ட்ராயர்களுக்கு நடந்தது உடனே தெரியவில்லை. படகுகள் குளிர்க்கடலில் சிதறின. இறந்தவர்கள் 323 பேர், அந்தப் போரில் அர்ஜென்டினா இழந்த உயிர்களில் ஏறக்குறைய பாதி. 1938இல் நீரில் இறங்கி, பீனிக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலாகப் பேர்ல் ஹார்பரில் தப்பித்த கப்பல் அது.

ஃபாக்லாந்தைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த 200 கடல் மைல் விலக்கு வளையத்துக்கு வெளியே, மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பலை அடிக்கலாமா என்ற சண்டை பல ஆண்டு நடந்தது. வளையத்துக்கு வெளியிலும் தாக்குவோம் என்று பிரிட்டன் ஏப்ரல் 23லேயே எச்சரித்திருந்தது. போர் விதிப்படி சரி என்றே நினைக்கிறேன், மனசுக்கு ஒப்பவில்லை.

அதன் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள், விமானந்தாங்கி உட்பட, கரையோரம் ஒதுங்கின. அங்கே சுற்றிய மற்ற பிரிட்டிஷ் அணு நீர்மூழ்கிகளான ஸ்பார்ட்டனும் ஸ்பிளெண்டிடும் ஒரு கப்பலையும் தாக்கவில்லை. அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று எதிரிக்குத் தெரியாமல் இருந்ததே போதுமாக இருந்தது.