யுவான் சுவாங் கண்ட காஞ்சியும் நிர்க்கிரந்தரும்

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூராகிய புள்ளலூர் வரலாற்றில் போர்க்களமாகவே பெயர் பெற்றுள்ளது. கி.பி. 1780இல் மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் இங்கே பெரும்போர் நிகழ்ந்தது. மறு ஆண்டும் இவ்வட்டாரத்தில் போர் மூண்டது. அதில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. ஆயின், அதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் பெயர் போரோடு இணைந்துவிட்டது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பகைவரை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் இன்னார் என அது பெயர் சுட்டவில்லை. சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியே அப்பகைவன் என்பது அறிஞர் பலரின் முடிபு.

சாளுக்கியரின் கூற்று வேறு. புலிகேசியின் படை எழுப்பிய புழுதி பல்லவனின் ஒளியை மறைத்தது என்றும், அவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்றும் அய்கொளெக் கல்வெட்டுப் பாடுகிறது. கி.பி. 634-35இல் அதனை இயற்றிய ரவிகீர்த்தி சமணப் புலவர்; அவர் எடுப்பித்த ஜினாலயத்தின் சுவரிலேயே அது பொறிக்கப்பட்டுள்ளது.

இரு தரப்பாரும் தத்தம் வேந்தரைப் புகழ்ந்தனர். எத்தரப்பையும் சாராத ஒருவர் அக்காலத் தொண்டை நாட்டை நேரில் கண்டு எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அத்தகைய ஒருவர் வந்தார். அவர் சீன நாட்டுப் பௌத்தத் துறவி யுவான் சுவாங்.

அறநூல்களைத் தேடி, அரசின் தடையையும் மீறி, ஏறத்தாழ 629இல் சீனத் தலைநகரை விட்டுப் புறப்பட்டவர் அவர். பாலைவனமும் பனிமலையும் கடந்து இந்தியாவை அடைந்து, நாளந்தாவில் பயின்று, கீழைக் கடற்கரை வழியே தெற்கு நோக்கி வந்தார். முதுகில் ஏட்டுச் சுமையோடு நடக்கும் துறவியாகவே பிற்கால ஓவியர் அவரைத் தீட்டினர். ஏறத்தாழ 640இல் அவர் காஞ்சியை அடைந்தார். அப்போது அரியணையில் இருந்தவன் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன். புள்ளலூர்ப் போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்திருந்தது. வாதாபிப் போர் இன்னும் தொடங்கவில்லை. இரு போர்களுக்கு இடைப்பட்ட அமைதியில் அவர் வந்தார்.

திராவிட நாட்டைப் பற்றி அவர் எழுதியது சில வரிகளே. தலைநகர் காஞ்சிபுரத்தின் சுற்றளவு 30 லீ என்று சீன அளவில் குறிக்கிறார். நிலம் வளமானது, விளைச்சல் மிகுதி, வெப்பம் அதிகம். மக்கள் வீரம் உடையவர், வாய்மையைப் போற்றுபவர், கல்வியை உயர்வாக மதிப்பவர் என்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் அவற்றில் 10,000 துறவியரும் இருந்தனராம். அடுத்து, தேவர் கோயில்கள் ஏறத்தாழ 80 என்று கூறி, நிர்க்கிரந்தர் பலர் உளர் என்று முடிக்கிறார். நிர்க்கிரந்தர் என்பார் கட்டறுத்தோர். அதாவது திகம்பரச் சமணர்.

இந்த ஒரு வரியின் மதிப்பை நாம் உணர வேண்டும். மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து, பின்னர்த் திருநாவுக்கரசரால் சைவம் தழுவினான் என்பது நெடுநாளைய வழக்கு. அம்மாற்றத்தோடு தொண்டை நாட்டில் சமணம் மங்கிப் போயிற்று என்று எழுதுவாரும் உளர். ஆனால் மகன் ஆட்சியில் வந்த அயல்நாட்டார் கண்களுக்குச் சமணர் பலராகவே தென்பட்டனர். அரசன் சமயம் மாறினால் நாடு முழுதும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை என்பதற்கு இது நேர்ச்சான்று.

சான்று கூறியவர் நம்மவரும் அல்லர். நம்மிடம் பரிவு கொண்டவரும் அல்லர். பௌத்தரல்லாத எவரையும் புறச்சமயத்தார் என்றே அவர் எண்ணினார். ஆடை துறத்தலையும் மயிர் பறித்தலையும் அவர் வியந்து போற்றியதில்லை. ஏடுகளைச் சுமந்து வந்த அத்துறவி, மயிற்பீலியும் குண்டிகையும் அன்றி வேறு எதுவும் சுமவாத துறவியரைக் காஞ்சித் தெருக்களில் கண்டிருக்க வேண்டும். விரும்பாதவர் கண்ணுக்கும் பலராகத் தெரிந்தனர் என்பதே அச்சான்றின் வலிமை.

எனினும் முதற்பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. தமிழின் மொழியும் எழுத்தும் நடு இந்தியாவினின்று சிறிதே வேறுபடுவன என்று அவர் எழுதியது பொருந்தாது. வடமொழி அறிந்த மடத்துத் துறவியரோடு மட்டும் பழகியதால் அக்கருத்து தோன்றியிருக்கலாம். கோயில்களைப் பற்றிய வரியிலும் மொழிபெயர்ப்பாளர் வேறுபடுகின்றனர். 1884இல் சாமுவேல் பீல், நிர்க்கிரந்தர் பலர் என்று மட்டுமே பெயர்த்தார். பின்வந்த தாமஸ் வாட்டர்ஸோ, அக்கோயில்களில் பெரும்பாலானவை திகம்பரருடையவை என்று கொண்டார். ஆகவே எண்பதும் நம்முடையவை என்று மேடையில் முழங்குவது முறையன்று. வாய்மையைப் போற்றும் மக்கள் என்று அவர் சொன்ன சொல்லுக்கும் அது இழுக்காகும்.

மிகைப்படுத்தத் தேவையும் இல்லை. சான்றுகள் வேறு பல உள்ளன. உலோகவிபாகம் என்னும் நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் சர்வநந்தி முனிவரால் முடிக்கப்பெற்றது. பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி முனிவர்க்குப் பல்லவர் நிலம் ஈந்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு உரைக்கிறது. அப்பருத்திக்குன்றே இன்றைய திருப்பருத்திக்குன்றம். நம் முன்னோர் அழைத்த ஜினகாஞ்சி. 1387-88இல் விசயநகர அமைச்சர் இருகப்பர் அங்கே சங்கீத மண்டபம் எடுப்பித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக விளங்குகிறது.

காஞ்சியிலிருந்து இலங்கைக்குச் செல்ல யுவான் சுவாங் எண்ணினார். அங்கே மன்னன் இறந்தான், பஞ்சம் வந்தது என்று கடல் கடந்து வந்த துறவியர் கூறவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டு வடமேற்கே திரும்பினார். புலிகேசியின் நாட்டையும் கண்டு அவன் வீரத்தை எழுதினார். புள்ளலூரில் மோதியதாகக் கருதப்படும் இரு அரசுகளையும் நேரில் கண்ட அவர், 645இல் 657 நூல்களோடு தாயகம் சேர்ந்தார். மறு ஆண்டே அவரது பயண நூல் நிறைவுற்றது.

அவர் மகிழ்ந்து எண்ணிய நூறு மடங்கள் இன்று காஞ்சியில் இல்லை. பத்தாயிரம் துறவியரின் வழிமரபும் இல்லை. சிதறிய சில புத்தர் சிலைகளே எஞ்சியுள்ளன. ஒரே வரியில் அவர் கடந்து சென்ற நிர்க்கிரந்தரின் அறமோ இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜினகாஞ்சியில் விளக்கு எரிகிறது. ஆர்ப்பாக்கத்திலும் கரந்தையிலும் பூசை நடக்கிறது. துறவியரை மட்டும் நம்பி அறம் நின்றிருந்தால் இது கூடியிராது. ஏர் பிடித்து, இரவுணவு தவிர்த்து, முனிவர்க்கு ஆகாரம் அளித்து, ஏடுகளைப் படியெடுத்துக் காத்த சாவகக் குடும்பங்களே அதனைத் தாங்கின. அக்குடும்பங்களைப் பற்றி அயல்நாட்டார் ஒரு சொல்லும் எழுதவில்லை. வழிச்செல்வோர் கண்ணில் அவை படுவதில்லை.

வீட்டுக்குள் நடப்பதை வீட்டார்தாம் எழுத வேண்டும். பாட்டியர் சொல்லும் நோன்புக் கதைகள், ஊர்க் கோயிலின் திருப்பணி விவரங்கள், பரணில் கிடக்கும் ஓலைச்சுவடிகள் ஆகியவற்றை இத்தலைமுறை பதிந்து வைக்கட்டும். சீனத் துறவி விட்டுச் சென்ற ஒரு வரிக்கு நாம் எழுதும் விரிவுரை அதுவாகவே அமையும்.